எழுதியது ஹாஜிரா, கையெழுத்து சாருடையது

1

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்று என் கணவர் சொன்னார். ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன். இங்கே வந்த பிறகு எத்தனையோ கோபங்களை ஆறவைத்து, டப்பாவில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, கடைசியில் மறந்தே போயிருக்கிறேன். இந்த முறை சூடாகவே பரிமாறுகிறேன். யாருக்காவது நாக்கு சுட்டால் சுடட்டும்.

நான் ஆம்பூர்க்காரி. இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் மழை தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில் இருக்கிறோம். தோல் பதனிடும் இரசாயனம் செய்யும் கம்பெனி ஒன்று இவரை இங்கே வரவழைத்தது. அந்தக் கம்பெனி மூடியாகிவிட்டது. இவர் இப்போது ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருக்கிறார். நான் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு முடிவு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து டிக் போடுவது என் வேலை. 'மஞ்சு யூனிவர்சிட்டில இருக்கா' என்று ஊரில் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் துணைவேந்தருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது என்று தோன்றும். உண்மையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது பிரிண்டர்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்திலிருந்து ஆம்பூருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஹாஜிரா என்ற பெண்ணுக்குக் கொடுத்திருந்த இடத்தையும் உதவித்தொகையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. ஹாஜிரா என் பள்ளித் தோழி நஸ்ரீனின் மகள். அந்த மின்னஞ்சலின் வாசகம் எனக்கு மனப்பாடம். அதே அச்சு வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி நானே பல பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று தொடங்கும். அதை அனுப்பிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கட் ஆஃப் கணக்குப் போடுகிறோம். கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. நீ எப்படிப்பட்ட பெண், இந்தப் பாடத்தின் மேல் உனக்கு ஆசை வந்தது எப்போது என்றெல்லாம் ஒருத்தரும் கேட்பதில்லை. மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்காத அந்த முறையை நான் சின்ன வயதில் நிறையத் திட்டியிருக்கிறேன். இப்போது அதில் ஒரு மரியாதை இருந்ததாகத் தோன்றுகிறது.

வேலூரில் பி.காம். சேர நான் விண்ணப்பித்தபோது நகல்களில் அரசு அதிகாரி யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி கால்நடை மருத்துவர். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பச்சை மையில் கிறுக்கிக் கொடுத்தார். பள்ளியில் தந்த நடத்தைச் சான்றிதழில் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சொல், 'நன்று'. தலைமையாசிரியையை எதிர்த்துப் பேசி வகுப்புக்கு வெளியே நின்ற நஸ்ரீனுக்கும் 'நன்று'தான். அப்பாவியான எனக்கும் அதேதான். ஒருத்தி நடத்தையைப் பார்த்து இன்னொருத்தி காப்பியடித்துவிட்டாள் என்று எந்தக் கல்லூரியும் எங்களை விசாரிக்கவில்லை.

இங்கே கதை வேறு. மதிப்பெண் வாசலைத் திறக்க மட்டும்தான். உள்ளே வர, ஏன் இந்தப் படிப்பு என்று பிள்ளை தன் கதையை எழுத வேண்டும். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வீடியோவில் நேர்காணல் உண்டு. இவை எல்லாவற்றோடும், பிள்ளையை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியர் தன் சொந்த வார்த்தைகளில் அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். எங்கள் இணையதளத்தில் இதைப் படிக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா? ஒரு வகுப்பில் எழுபது பேர் உட்காரும் ஊரை நினைத்து எழுதிய வரி இல்லை அது.

3

நஸ்ரீன் ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அவள் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஹாஜிரா மூத்தவள். வேதியியல் என்றால் உயிர். பள்ளியிலிருந்து தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது, மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குள் ஓட, இவள் மட்டும் அங்கிருந்த லேப்காரரிடம் குரோமியம் எப்படிப் பிரிகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டியிருந்தது என்று நஸ்ரீன் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்க வரும் வெளிநாட்டுப் பெண்கள் சிலருக்கு, கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து உதவித்தொகை உண்டு. அறிவிப்பை நான்தான் நஸ்ரீனுக்கு அனுப்பினேன். அந்தக் குடும்பம் எனக்கு வேண்டியது என்று அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் ஹாஜிராவின் விண்ணப்பம் வேறொருவர் மேசைக்குப் போனது. ஹாஜிரா தன் பெஞ்சில் உட்காரும் பவித்ராவிடமும் சொல்லியிருக்கிறாள். போட்டிக்கு ஆள் கூடும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து போலாம் ஆன்ட்டி என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இருவரும் வேதியியல் ஆசிரியர் குமரேசன் சாரிடம் போனார்கள். நம் ஊரில் படித்த யாருக்கும் அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. முன்பு கனடா போன ஒரு பையனின் கடிதத்தை சார் எடுத்துக் கொடுத்தார். இதைப் பார்த்து உங்களைப் பற்றி நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இரண்டு பெண்களும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினார்கள். கடைக்கார அண்ணன் டைப் செய்து கொடுத்தார். சார் வாசித்தார். வகுப்பில் முதல் மாணவி என்று ஹாஜிரா எழுதியிருந்ததை அடித்து, இரண்டாவது என்று திருத்தினார். இன்னொரு முறை டைப் செய்து வந்ததும் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையையும் குத்திக் கொடுத்தார். சாருக்கு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வேலை, இடையில் வாக்காளர் பட்டியல் வேலை. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத அவருக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் கோபம் குறையவில்லை. இரண்டு வருஷம் பாடம் நடத்தியவர், அந்தப் பெண்ணைப் பற்றி நாலு வரி சொந்தமாக எழுதியிருக்கலாம்.

வசந்த காலத்தில் இருவருக்கும் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்தால் உறுதி என்ற நிபந்தனையோடு. மே மாதம் மதிப்பெண் வந்தது, கேட்டதற்கு மேலேயே வந்தது. வாணியம்பாடியில் ஒரு கல்லூரி வேதியியலுக்கு ஹாஜிராவைக் கூப்பிட்டது. இங்கிலாந்து போகிறவளுக்கு அந்த சீட் எதற்கு, வேறு யாராவது படிக்கட்டும் என்று நஸ்ரீன் விட்டுவிட்டாள். மாமியாரோடும் கொழுந்தனாரோடும் அவள் வீட்டில் சண்டை போட்டது தனிக் கதை. அவ்வளவு தூரம் எதுக்கு, கம்மியாப் படிச்சா போதாதா என்று கேட்டவர்களின் வாயை இந்த சீட்டை வைத்துத்தான் அடைத்தாள்.

4

விசாவுக்கான கடிதம் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் அலுவலகம் எல்லா விண்ணப்பங்களையும் ஒரு மென்பொருளில் போட்டு எடுக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் வாக்கியங்களை அது சிவப்பில் காட்டும். ஹாஜிராவின் கடிதமும் பவித்ராவின் கடிதமும் பாதிக்கு மேல் சிவப்பு. கனடா போன பையனின் கடிதத்தில் இருந்த பீடிகையும் முடிவும் இரண்டிலும் அப்படியே இருந்தன. இரண்டு பேரையும் வீடியோவில் கூப்பிட்டார்கள்.

பவித்ராவின் மாமா பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், விவரமானவர். யார் கேட்டாலும் சார் எழுதியது என்றே சொல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் அப்படியே சொன்னாள். எங்கள் சார் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் எழுதுவார் என்றும் சேர்த்துக்கொண்டாள். பொருத்தமான பதில் என்று குறித்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள் மாதிரிக் கடிதம் வைத்துக்கொள்வது உலகம் முழுக்க உள்ளதுதானே.

ஹாஜிராவுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தம் கேட்கக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை யார் எழுதியது என்று கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்றாள். சார் ஒரு மாதிரிக் கடிதம் கொடுத்தார், அதைப் பார்த்து எழுதினேன், சார் ஒரு தப்பைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று விளக்கமாகவும் சொன்னாள். இன்னொரு மாணவியின் கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அடுத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது என்று முடித்துக்கொண்டாள். நேர்காணல் நன்றாக நடந்தது என்றே அவள் நினைத்திருந்தாள். இவ்வளவு பெரிய கடிதத்தை ஆங்கிலத்தில் தானே எழுதியது அவர்களுக்குப் பிடித்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

5

என் மேலாளர் ஹெலன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயற்சி செய்கிற இரண்டு மூன்று பேரில் ஒருவர். இந்த விண்ணப்பத்தில் உங்கள் கருத்தைக் கேட்க முடியாது, ஆனால் உங்கள் ஊர் வழக்கத்தைக் கேட்கலாம் அல்லவா என்றார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. விளக்கிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்ற ஆசை. எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம் என்றேன். ஆசிரியர் எழுதச் சொல்வார், மாணவர் எழுதுவார், ஆசிரியர் படித்துப் பார்த்துப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவார், இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றேன். அந்தப் பெண் எதையும் மறைக்காமல் சொன்னதே அதற்குச் சாட்சி என்றேன். வேண்டுமானால் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையா என்று கேளுங்கள் என்றும் சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில், கையை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன். இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது. ஹெலன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக் குறிப்பெடுத்தார். ரொம்பப் பயனுள்ள தகவல் என்று நன்றி சொன்னார்.

அந்தத் தகவலை வைத்து அவர்கள் செய்தது இரண்டு காரியங்கள். விண்ணப்பதாரரே எழுதிய பரிந்துரை செல்லாது, இது மோசடியில் சேரும் என்று ஹாஜிராவின் இடத்தை எடுத்துவிட்டார்கள். கூடவே அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திலிருந்து வரும் பரிந்துரைக் கடிதங்களை இனிமேல் தனியாகச் சோதிக்க வேண்டுமாம். காரணம் என்ன என்றால், அங்கே மாணவர்கள் தாங்களே கடிதம் எழுதும் பழக்கம் இருப்பதாக அந்த வட்டாரத்தை அறிந்த ஊழியர் ஒருவர் தெரிவித்திருக்கிறார். அந்த ஊழியர் நான்தான்.

கழிப்பறையில் போய் நின்று அழுதேன். அவமானத்தில் வந்த அழுகை, ஆத்திரத்தில் வந்த அழுகை. ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பேசிய பேச்சை எடுத்து, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் கழுத்திலும் மாட்டிவிட்டார்கள்.

6

சனிக்கிழமை நஸ்ரீன் வீடியோவில் கூப்பிட்டாள். ஷிப்டு முடிந்து வந்து, பர்தாவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குமரேசன் சாரைப் போய்ப் பார்த்தாளாம். அவர் இவளிடம்தான் கத்தியிருக்கிறார். உங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, சார் எழுதினார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், இப்ப என் பேருக்கும் கெட்ட பேர் என்று சொல்லியிருக்கிறார். வாணியம்பாடிக் கல்லூரியில் விசாரித்தால் அட்மிஷன் முடிந்து வகுப்பே தொடங்கிவிட்டது என்றார்கள். வீட்டில் மாமியார், அப்ப வர்ற வரனைப் பார்க்கலாமா என்று கேட்கத் தொடங்கியாயிற்று. ஹாஜிராவுக்கு இந்த வருஷம் படிப்பு இல்லை. அடுத்த வருஷம் உண்டா என்பது இனி நஸ்ரீன் எவ்வளவு நாள் சண்டை போட முடியும் என்பதைப் பொறுத்தது.

இங்குள்ள விதிமுறையைச் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். கடிதம் என்றால் எழுதியவர் ஒருத்தர், கையெழுத்து இன்னொருத்தர் என்று இருக்கக்கூடாது என்பது இங்கே சட்டம் என்றேன். நஸ்ரீன் என்னை முடிக்க விடவில்லை.

"எங்க லைன்ல தைக்கிறவ ஒருத்தி, பார்த்து சீல் போடுறவ ஒருத்தி. சீல் போட்டவதான் அந்த ஜோடிக்குப் பொறுப்பு. அதுல இன்னாடி ஃப்ராடு? நாங்க தைக்கிற ஷூல எங்க பேரா போட்டு விக்கிறாங்க உங்க ஊர்ல? அவங்க பேரத்தானே போட்டு விக்கிறாங்க. அத யாராச்சும் கூப்ட்டு கேட்டாங்களா?"

இந்த ஊர்க் கடைவீதியில், கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருக்கும் செருப்புகளின் அடியைத் திருப்பிப் பார்த்து, எங்கே செய்தது என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டு. ஆம்பூர் என்று ஒன்றிலும் பார்த்ததில்லை. அவள் சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அவளே மெதுவாக இன்னொன்று கேட்டாள்.

"பொய் சொல்லிருந்தா சீட் குடுத்திருப்பாங்களா, மஞ்சு?"

"குடுத்திருப்பாங்க" என்றேன்.

7

என் மகன் நகுலுக்குப் பதினேழு வயது. அவனும் இந்த வருஷம் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறான். அவனுக்கு ஹாஜிராவைத் தெரியும். ஊருக்குப் போயிருந்தபோது இருவரும் மொட்டை மாடியில் ஷட்டில் ஆடியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவன் பள்ளியில் கொடுத்திருந்த ஒரு தாளைக் கொண்டு வந்து வைத்தான். பரிந்துரை எழுதுவதற்காக மாணவர்கள் நிரப்ப வேண்டிய தாள். உன் சாதனைகள் என்ன, உன் ஆசிரியர் உன்னைப் பற்றி என்ன குறிப்பிட வேண்டும் என்று நினைக்கிறாய், முழு வாக்கியங்களில் எழுது, அதையே நாங்கள் பயன்படுத்திக்கொள்வோம் என்று போட்டிருந்தது. பள்ளியைப் பற்றிய முதல் பத்தி எல்லோருக்கும் ஒன்றுதானாம். அதைப் பள்ளி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது விதி. எந்த மென்பொருளும் அதைச் சிவப்பில் காட்டாது.

நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது உனக்குத் தப்பாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். இதில் என்ன தப்பு என்று கேட்டான். ஹாஜிராவின் கதையைச் சொன்னேன். என் தமிழ் அவனுக்குப் பாதி புரியும். மீதியை இவர் ஆங்கிலத்தில் சொன்னார். நகுல் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, டீச்சர் எழுதினாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே அம்மா, யாரா இருந்தாலும் அதத்தான சொல்லுவாங்க என்றான். ஆங்கிலத்தில், துளி சங்கடம் இல்லாமல் சொன்னான். நேர்மையைப் பற்றி வாரம் ஒரு முறை கூட்டம் போட்டுப் பேசும் பள்ளியில் படிக்கிற பிள்ளை.

கத்தினேன். அவனுக்குப் புரியாத தமிழிலேயே கத்தினேன். அந்தப் பொண்ணு உண்மையச் சொன்னா, அது உனக்கு முட்டாள்தனமா தெரியுதா என்று கேட்டேன். இவர் என் தோளில் கை வைத்து, அவன் இன்னா பண்ணுவான், விடு என்றார். நகுல் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அவன் மேல் தப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். இந்த ஊரில் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று அவனுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்துதான் கத்தினேன் போலிருக்கிறது.

8

திங்கட்கிழமை ஹாஜிராவே கூப்பிட்டாள். மின்னஞ்சல் போனதிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. குரல் கம்மிப்போயிருந்தது. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த லெட்டர்ல நான் எழுதினதுல எது பொய்?"

அந்தக் கடிதத்தை அவள் எனக்கு முன்பே அனுப்பியிருந்தாள். சோதனைக்கூடத்தில் கவனமாக வேலை செய்வாள், சந்தேகம் தீராமல் ஒரு கேள்வியை விடமாட்டாள், வகுப்பில் இரண்டாவது மாணவி. எது பொய்?

"ஒண்ணுமே பொய் இல்லம்மா" என்றேன். மறுபரிசீலனை, மேல்முறையீடு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். மேல்முறையீடு செய்தால் முடிவு வரும்போது முதல் பருவம் பாதி முடிந்திருக்கும், அதற்குள் உதவித்தொகை வேறொருவருக்குப் போயிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குறுக்கிட்டாள். அதற்காக அவள் கூப்பிடவில்லை.

"பவித்ராவ பத்தி யாராச்சும் கேட்டா சொல்லிடாதீங்க ஆன்ட்டி. நாங்க ஒண்ணாத்தான் உக்காந்து எழுதினோம்னு உங்களுக்குத் தெரியும். அவ பொட்டி கட்டிட்டா. ஒருத்தி படிப்பு போனது போதும்."

சரி என்றேன். ஃபோனை வைத்த பிறகு இவரிடம் சொல்லி அழுதேன். தன் இடம் போன பிறகும் தோழியின் இடத்துக்காகக் கெஞ்சும் பெண்ணை மோசடிக்காரி என்று எழுதி, என் அலுவலகம் கோப்பில் வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு எத்தனை வருஷம் இருக்கும், வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் கூடவே வருமா என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஹெலன் என் மேசைக்கு வந்தார். பவித்ராவின் விசாவுக்கான கடிதம் அன்றைக்குப் போயாக வேண்டும். அனுமதி கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு ஓர் உறுத்தல். அதே ஆசிரியர், அதே மாதிரிக் கடிதம், ஒருத்தி தானே எழுதியதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், அப்படியானால் இன்னொருத்தியும் எழுதியிருப்பாளோ என்றார். உங்களுக்கு அந்த ஊரைத் தெரியும், அந்தக் குடும்பங்களையும் கொஞ்சம் தெரியும், இந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

தெரிந்தும் மறைத்தால் வேலை போகும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தெரியாது என்றேன். அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதுவது உண்டு, அவ்வளவுதான் தெரியும் என்றேன். நல்ல ஆங்கிலத்தில், கையை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

ஹெலன் குறிப்பெடுக்கவில்லை. மறு கேள்வி கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் எனக்குப் போதும் மஞ்சு என்று சொல்லிவிட்டு, நின்றபடியே அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.